கூட ஆரு வந்த?

ஒரு முதியவரின் முழங்காலை எக்ஸ்ரே மேசையில் சரியாக வைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஜெஸீமாவின் காக்கா, அவளுடைய ஒரே அண்ணன், குரல்பதிவு அனுப்பியிருந்தார். "ஜெஸீமா மௌத்தாகிட்டா தங்கச்சி. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். வந்துருங்க." முழங்காலை எடுத்து முடித்தேன். வெளியே வாங்கில் காத்திருந்தவர்களையும் படம் எடுத்து முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அவளே எழும்பி வந்து ஏசியிருப்பாள்.

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவளிடம் படம் எடுத்துக்கொண்ட சனத்துக்கோ அவள் பெயரே தெரியாது. எங்கள் தொழில் அப்படி. ஆளின் எலும்பு வரைக்கும் பார்த்திருப்போம், சந்தையில் கண்டால் அந்த ஆளுக்கு எங்களைத் தெரியாது. எனக்கு இதில் எப்போதும் எரிச்சல்தான். "தெரிஞ்சு என்ன செய்யப்போறாய், எலக்சன் கேக்கப்போறியா?" என்பாள் அவள்.

கொழும்பில் ரேடியோகிராபி படிக்க இடம் கிடைத்தபோது அவளுடைய வாப்பா தேத்தண்ணிக் கடையில் போய், "மகள் கொழும்புக்குப் படம் எடுக்கப் படிக்கப்போறா" என்று சொல்லிவிட்டார். பின்னேரத்துக்குள் அது சினிமாப் படமாகி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பள்ளிவாசலுக்கு முன்னால் ஒருவர் மறித்து, பொம்புளப் புள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டாராம். "நெஞ்சுப் படம்தான் தம்பி. ஒங்கட நெஞ்சயும் ஒருநாளைக்கு எடுப்பா" என்றாராம் வாப்பா. இதைக் கொழும்பில் நாங்கள் இருந்த சின்ன அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் முஸ்லிம் ஊரான கல்முனைக்குடி, நான் தமிழ் ஊரான பாண்டிருப்பு. ஒரே பெரிய ரோட்டில் இருக்கிற ஊர்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள நாங்கள் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது.

வேலைக்கு வந்தபிறகு சம்மாந்துறையிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நெல் ஆலை வைத்திருந்த நல்ல குடும்பம். எக்ஸ்ரே கதிர் பட்ட பெண்ணுக்குப் பிள்ளை தங்காது, வேலையை விட்டால் கலியாணம் முடிக்கலாம் என்றார்கள். உடம்பில் படும் கதிரை அளக்க நாங்கள் சட்டையில் குத்துகிற பட்ஜைக் கொண்டுபோய்க் காட்டி, பயமில்லை என்று விளக்கினாள். மாப்பிள்ளையின் உம்மா அதைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாவாம். "வேலைய விட்டுட்டு அந்தாளுக்குப் பக்கத்துல நிண்டா, நான் ஆரு புள்ள?" என்று என்னிடம் கேட்டாள். அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களும் அதே இடத்தில்தான் முறிந்தன.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவளுக்கென்று வாப்பா முன்கூட்டியே கட்டிவைத்த வீட்டில், வராத மாப்பிள்ளையின் பெரிய அறையில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டாள். உம்மாவும் வாப்பாவும் போனபிறகு அந்த வீட்டில் ஒற்றை ஆள். டியூட்டி முடிந்தால் ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சோறு போடுவாள். நான் மீன் ஆணத்தில் புளி கூடிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். நான் போகாத நாட்களில் அவள் அடுப்பு மூட்டுவதில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் தெரியும். "ஒராளுக்குச் சோறாக்க மனம் வருதில்ல புள்ள" என்றாள்.

சவளக்கடை போன்ற தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் அவளுடைய டியூட்டி நாளை விசாரித்துக்கொண்டு வருவார்கள். முக்காட்டு ஊசிகளைக் கழற்றிப்போட ஒரு சின்ன டப்பா வைத்திருந்தாள். படத்தில் என்ன தெரிகிறது என்று நாங்கள் சொல்லக் கூடாது, அதைச் சொல்வது டொக்டர். அந்தச் சட்டத்தை அவள் மீறியதே இல்லை. என்னைத்தான் திட்டுவாள்: "ஒன்ட மூஞ்சியப் பாத்தாப் போதும், வேற றிப்போட் தேவல்ல." ஆனால் படத்தைக் கையில் கொடுக்குமுன் எல்லாரிடமும் ஒன்று கேட்பாள். "கூட ஆரு வந்த?" கெட்ட படமென்றால் கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு, இருவரையும் சேர்த்துத்தான் டொக்டரிடம் அனுப்புவாள். நல்ல படமென்றாலும் அதே கேள்வி, அதே குரல். அதனால் அந்தக் கேள்வியை வைத்து ஒருவரும் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

சளி என்று சொல்லிக்கொண்டே நெடுநாள் இருமினாள். ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் குறைந்த நேரத்தில், "எனக்கும் ஒரு நெஞ்சுப் படம் எடு" என்றாள். ஊசிகளைத் தானே கழற்றி டப்பாவில் போட்டாள். "மூச்ச நல்லா இழுங்க, அடக்குங்க" என்று நான் அவளுக்கே சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, ஒருமுறை படம் பிழையாகிப்போய், மறுபடியும் எடுத்தேன். படம் திரையில் வந்தது. அவள் திரைப் பக்கம் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து ஏதோ பட்டனைத் தேடினேன். அவளே கதவைத் திறந்துகொண்டு வந்து, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"கூட ஒருத்தரும் வரல்ல புள்ள. நீ வா."

போனேன். டொக்டரிடமும் போனேன், பிறகு கொழும்பு கிளினிக்குகளுக்கும் போனேன். நாங்கள் படித்த காலத்தில் ஏறி இறங்கிய அதே பஸ் பாதைதான். கூட வந்திருப்பது யார் என்று நேர்ஸ் சிங்களத்தில் கேட்டா. "நங்கி" என்றாள், தங்கை என்று. நேர்ஸ் அவளுடைய முக்காட்டையும் என் பொட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டா.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன். ஒருவரும் வரவில்லை என்கிறவர்களுடன் டொக்டரின் கதவு வரைக்கும் நடக்கிறேன். முகத்தை மட்டும் இன்னும் பழக்க முடியவில்லை.

அடக்கத்தன்று அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகத் தெரியாமல் நின்றேன். அவளுடைய மாமி ஒருவர் வெளியே வந்து என் கையைப் பிடித்தா.

"கூட ஆரு மகள் வந்த?"

"நான் எப்பயும் ஜெஸீமாவோடதான் வாற, மாமி" என்றேன்.