பிடுங்கிய வாளி

தொண்ணூறுகளில் ராஜபாளையத்திலிருந்து மலையடிவாரமாகவே தனியாக நடந்துகொண்டிருந்தேன். காலில் கொப்புளம் காய்ந்து நடை பழகிவிட்டது. ஒற்றைப் பெண்ணைப் பார்க்கிற பார்வைகள்தான் பழகவில்லை.

வத்திராயிருப்புக்கு முன்னால் ஒரு மாந்தோப்புக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனேன். காவல்காரர் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார்.

"ஏட்டி, கிணத்துப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்."

"எம்புட்டுத் தண்ணி குடிச்சிரப்போறேன்?" என்று நானும் கத்தினேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்தேன்.

பின்னாலேயே அவர் மனைவி செம்பில் தண்ணீரோடு வந்தார்.

"கோவிச்சுக்காத தாயி. போன வருசம் இப்படித்தான் ஒரு புள்ள தனியா வந்து தண்ணி கேட்டுச்சு. அவியதான் வாளியக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் போனாவ. திரும்பி வாரதுக்குள்ள உள்ள குதிச்சிருச்சு."

இன்றும் தனியாகத்தான் நடக்கிறேன். ஆனால் எந்தக் கிணற்றடியிலும், தண்ணீர் கேட்பதற்கு முன்னால் அடுத்து எந்த ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.