துணியில் கட்டிய டம்ப்ளிங்

துணியில் கட்டிய மாவை ஆவியில் வைப்பதா, தண்ணீருக்குள் போடுவதா? கம்சனா அக்கா தொலைபேசியில் கேட்டபோது, அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்த, இதை எழுதுகிறவனுக்குப் பதில் தெரியவில்லை. "பொறுங்கோ அக்கா, தேடிப் பாக்கிறன்" என்றான். "வேண்டாம் விடு, துணியெண்டால் ஆவிதானே" என்று அவரே முடிவு செய்து தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு சின்ன ஸ்கொட்லாந்து உணவகத்தில் அவருக்குச் சமையல் வேலை. வேலையின் தகுதிகாண் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. அதன்பின் நிரந்தர வேலை, அல்லது மறுபடி வேலை தேடும் அலைச்சல். முதலாளி பிளோறன்ஸ் நல்லவர்தான். ஆனால் சமையலறையில் தன் ஊர்ச் சொற்களை விட்டு இறங்கமாட்டார். உருளைக்கிழங்கு டாட்டீஸ். மஞ்சள் நிற டர்னிப் கிழங்கு நீப்ஸ். கஞ்சி துழாவும் தடி ஸ்பேர்ட்டில். கம்சனா ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே போவார். இறங்கவேண்டிய அல்டோனா நிலையம் வருவதற்குள் தடி கிழங்காகிவிடும், கிழங்கு கஞ்சியாகிவிடும்.

கணவர் இராசலிங்கத்துக்கு அது பகிடி. "வீட்டில உருளைக்கிழங்கு, அங்க போனால் டாட்டீஸோ?"

"ஓம். நீங்கள் முதல்ல உரிக்கப் பழகுங்கோ, பேர் பிறகு சொல்லுறன்."

அன்றைக்குச் செய்யவேண்டியது குளூட்டி டம்ப்ளிங் என்ற இனிப்பு உருண்டை. குளூட் என்றால் துணி. அதை அவர் மறக்கவில்லை. மா, கொழுப்பு, உலர்ந்த திராட்சை, கறுவா எல்லாம் குழைத்துத் துணியில் கட்டினார். பிளோறன்ஸ் விருந்தாளிகளைக் கூட்டிவர விமான நிலையம் போயிருந்தார். புட்டுக்கு மா அவித்த கை, பானையின் வாயில் தட்டை வைத்து, அதன்மேல் பொட்டலத்தை ஏற்றி மூடியது.

பிளோறன்ஸ் வந்து துணியை அவிழ்த்தார். உருண்டை வெளிறி, ஈரமாக உட்கார்ந்திருந்தது.

"தோல் எங்கே?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

எந்தத் தோல்? கம்சனா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுப்புக்குத் தோலா, திராட்சைக்கா? ஒன்றும் விளங்கவில்லை.

"தண்ணீருக்குள் போடவில்லையா?"

"தண்ணிக்க போட்டால் கரைஞ்சு கஞ்சியாப் போயிடுமே!" பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. பிறகு ஜெர்மன் மொழியில் சொன்னார்.

பிளோறன்ஸ் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. விருந்தாளிகள் தோலில்லாத டம்ப்ளிங்கைச் சாப்பிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் கரண்டியால் தோலைத் தேடிக்கொண்டே இருந்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக் கம்சனா வீட்டுக்குப் போனார்.

மறுநாள் இன்னொரு பொட்டலம் கட்டச் சொன்னார் பிளோறன்ஸ். துணியை நனைத்து உள்ளே மா தூவச் சொன்னார். கொதிநீரில் கம்சனா கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார். கரையவில்லை. எடுத்து ஓவனில் காயவைத்ததும் தவிட்டு நிறத்தில் தோல் பளபளத்தது.

"நேற்று நான் துணியை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன், தண்ணீரைச் சொல்லவில்லை" என்று சொல்லி, வேலை ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார் பிளோறன்ஸ்.

ஏன் கரையவில்லை என்பது கம்சனா அக்காவுக்கு இன்றும் குழப்பம்தான். வேறு நாட்டு அடுப்படியில் புதிதாக நிற்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டின் பேரைக் கேட்கும்போதே, பானைக்குள் தண்ணீர் எதுவரை என்றும் கேட்டுக்கொள்ளட்டும்.