நெஞ்சு சொன்ன சாட்சி

எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். பிள்ளைகளில் யார் பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவதாக அவருக்கு ஒரு பெருமை. பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வேகமாக அடித்தால் குற்றவாளி. நாங்கள் அவரை நம்பியதைவிட அவர் தன்னை அதிகம் நம்பினார்.

எட்டு வயதில் நான் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய வருடம், கிறிஸ்துமஸ் பூசையில் குழந்தை இயேசுவின் சுரூபத்தைப் பீடம்வரை ஏந்திப்போக என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அம்மா அதற்கென்றே வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தாள். சுரூபத்துக்குப் புதிதாக வர்ணம் பூச மாமா அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். தங்கக் கலர் தீர்ந்துபோகவே, ஜல்தி வாங்கி வரும்படி என்னை ரோட்டுக் கடைக்கு விரட்டினார். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கே விழுந்து ஓடினேன், அதே வேகத்தில் திரும்பினேன்.

மாமா சுரூபத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். சுரூபத்தின் சுண்டுவிரல் உடைந்திருந்தது. எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து அக்கா, சித்தி பையன், நான் மூன்று பேரும் அதைத் தொட்டுத் தூக்கிப் பார்த்திருந்தோம். மாமா எங்களை வரிசையாக நிற்க வைத்தார். மற்ற இருவரும் அதுவரை டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் தப்பித்தார்கள். என் முறை வந்தபோது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, மாமாவின் கைக்கு அடியில் இதயம் உரலில் இடிப்பதுபோல் இடித்தது.

"இன்னாடா இது, இப்டி அடிச்சிக்கினு இருக்குது?"

நான் உடைக்கவில்லை என்றேன். சொல்லச் சொல்ல இன்னும் வேகமாக அடித்தது. ஓடுகிற காலின் தசை காற்றுக்கு ஏங்கும், அதற்காக நுரையீரல் வாரி வாரி இழுக்கும், இழுத்ததை இரத்தத்தில் ஏற்றி அனுப்ப இதயம் மாடாய் உழைக்கும், கால் நின்ற பிறகும் அது சட்டென்று அடங்காது. எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் எங்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு நாடியைப் பிடிக்கச் சொன்னபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, என் நெஞ்சே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது மட்டும்தான். தூக்கும்போது எங்கேயாவது இடித்துவிட்டேனோ? இடித்திருப்பேன். நெஞ்சுக்குத் தெரியாதா? "நான்தான் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செய்யாத தப்புக்கு வெட்கப்பட முடியுமா என்று கேட்பீர்கள். நன்றாகவே முடியும்.

சுவரைப் பார்த்து முட்டி போட வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கிவிட்டது. உண்மையை ஒப்புக்கொண்டதால் அடங்கியது என்று நினைத்தேன். இருந்த சந்தேகமும் தீர்ந்தது. சுரூபத்தைச் சித்தி பையன் ஏந்துவான் என்று முடிவானது. வெள்ளைச் சட்டையும் அவனுக்கே போயிற்று.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் கோயிலை ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்தேன். நின்றதும் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன். பழையபடி அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்ப உள்ளே போய் முட்டி போட்டேன்.

"இன்னொரு பாவம் இருக்குது சாமி. ஆனா இன்னான்னு தெரியல."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் என்னை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஒண்ணும் இல்லப்பா. போய் விளையாடு" என்றார்.

வெளியே பையன்கள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். விளையாடினால் ஓட வேண்டும், ஓடினால் நெஞ்சு காட்டிக்கொடுத்துவிடும். சாமியார் என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மெதுவாக நடந்தே வீட்டுக்குப் போனேன்.