மெசியான் தனக்குத்தானே போட்ட தண்டோரா

எங்க ஊர் ஐத் ஸக்கூர்ல மூணு சபை. ஊரை ஆள ஒண்ணு, அல்லாவுக்கு ஒண்ணு, அரசாங்கத்துக்கு ஒண்ணு. ஊர்ச்சபை வெள்ளிக்கிழமை தோறும் ஊத்துக்கு மேல இருக்கிற கல்லுக் கூடத்துல கூடும். பள்ளிவாசல் கமிட்டி பள்ளிவாசல் பின்னறையில கூடும். நகராட்சி மன்றம் கீழே டவுன்ல, கொடி பறக்கிற கட்டிடத்துல. மூணுக்கும் நாற்காலிதான் வேற, உட்கார்ற உடம்பு ஒண்ணு. ஹாஜ் உவம்ரான். ஊர்ச்சபைக்குத் தலைவர் அவர், கமிட்டிக்குச் செயலாளர் அவர், மன்றத்துல எங்க ஊர் உறுப்பினரும் அவர். ஒரு சபையிலேர்ந்து இன்னொரு சபைக்குக் கடுதாசி எழுதுவார். எழுதுறதும் அவரே, வாங்கிப் படிச்சுட்டு "பரிசீலிக்கிறோம்"னு பதில் போடுறதும் அவரே. சில சமயம் தனக்குத்தானே பதில் போடாம மாசக்கணக்கா இழுத்தடிப்பார். அப்புறம் பதில் வரலையேன்னு கோபமும் படுவார்.

பொம்பளைங்களுக்கு மூணுலயும் இடமில்லே. எங்க வகையறா சார்பா ஊர்ச்சபையில உட்கார்றது என் வீட்டுக்காரர் அஷூர். வீட்டுல சொட்டுற குழாய்க்கு ஒரு வாஷர் மாத்தத் துப்பில்லே, வெள்ளிக்கிழமையானா ஊரைத் திருத்தக் கிளம்பிடுவார்.

மெசியான் அண்ணன் இந்த மூணு சபையிலயும் கிடையாது. எதிர் வீட்டுக்காரர், ஊர்த் தண்டோராக்காரர். தமுக்கு கிடையாது, மேளம் கிடையாது, வெறும் தொண்டைதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, ரோடு போடுற வேலைக்குப் போயிட்டு ஊர் திரும்பினவர், ஓடிப்போன தன் கழுதையை ஓடைக்கு இந்தப்பக்கம் நின்னு திட்டியிருக்கார். அந்தப்பக்க மலையிலேர்ந்து கழுதை தானா திரும்பி வந்துச்சு. அன்னைக்கே சபை அவரைப் பிடிச்சு இந்த வேலையில போட்டுடுச்சு.

ஆளைப் பார்த்தா நம்ப மாட்டீங்க. ஒல்லி, குள்ளம், காத்தடிச்சா பிடிச்சுக்க ஏதாவது தேடுவார். ஆனா ஊருக்குள்ள அஞ்சு முக்குல நின்னு "கேளுங்க ஊராரே, நல்லதே கேளுங்க!"ன்னு ஆரம்பிச்சா அடுப்புல இருக்கிற சட்டி அதிரும். அதுக்கப்புறம் வர்ற நல்லது என்னன்னா, நாளைக்குத் தண்ணி கிடையாது, இன்னார் மௌத்தாயிட்டார், வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வரணும், இப்படித்தான். வீட்டுக்குள்ள மட்டும் அவர் குரல் வெளியில கேட்டதே இல்லே. பொண்டாட்டி மல்ஹா மௌத்தானப்ப மக தீசிரிக்கு ஒன்பது வயசு. அப்பனே தலை பின்னக் கத்துக்கிட்டார். முதல் ஒரு வருஷம் அந்தப் புள்ளை ஒரு பக்கம் கோணலாவே பள்ளிக்கூடம் போச்சு. சிரிக்காத ஆள் கிடையாது. ஆனா அப்படி வளர்த்த பொண்ணுக்கு ஓடைக்கு அந்தப்பக்கம் ஐத் யஹ்லம்லேர்ந்து நல்ல மாப்பிள்ளையா அமைஞ்சப்ப, எங்க தெருவே தன் வீட்டுக் கல்யாணமாத்தான் நினைச்சுது.

அந்தக் கோடையில ஊத்து வத்திப்போச்சு. ஊர்ச்சபை கூடி, ஊத்துத் தண்ணி குடிக்க மட்டும்தான், யாரும் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. மெசியான் கூவக் கிளம்பினார். முதல் முக்குல ஒருத்தன் கேட்டான், "யாரும்னா ஹாஜும் சேர்த்தியா அண்ணே? அவர் தக்காளிக்குக் குழாய் போட்டு இழுத்திருக்காரே?" "யாரும்னா யாரும்தான்ப்பா." ரெண்டாவது முக்குலயும் அதே கேள்வி. மனுஷனுக்கு அலுத்துப் போச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு, மூணாவது முக்குல பதிலையும் சேர்த்தே கூவிட்டார்: "யாரும் பாய்ச்சக் கூடாது! ஹாஜ் உவம்ரான் தக்காளி உட்பட!"

அடேங்கப்பா, ஊர் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

அடுத்த வெள்ளிக்கிழமை சபையில விசாரணை. சபை சொல்லாததைச் சபை பேர்ல சொன்னதுதான் குத்தம். மெசியான் கேட்டாராம், "யாரும்னு சொன்னீங்க. ஹாஜ் யாருலயும் சேர்த்தி இல்லையா?" பதில் தெரியாத எடத்துல சபை என்ன பண்ணும்? தண்டனை கொடுக்கும். மன்னிப்பு கேட்கிற வரைக்கும் மெசியானோட யாரும் பேசக்கூடாது, அவர் வீட்டுப் படி மிதிக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. கல்யாணத்துக்கு அன்னைக்குச் சரியா பதிமூணு நாள். என் வீட்டுக்காரரும் கையைத் தூக்கியிருக்கார்.

"உங்க கைக்கு என்ன கேடு?"ன்னு கேட்டேன்.

"எல்லாரும் தூக்கினாங்க."

"எல்லாரும் ஓடையில குதிச்சா?"

"ஏன்டி கெனீமா, சபை விஷயம் உனக்குப் புரியாது."

இந்தத் தீர்மானத்தை ஊருக்குச் சொல்லணுமே. யார் சொல்றது? வேற யாருக்குத் தொண்டை இருக்கு? மெசியானேதான் கூவினார்! எங்க முக்குல நான் கண்ணால பார்த்தேன். முகம் வெளுத்திருந்துச்சு, குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கலே. "கேளுங்க ஊராரே, நல்லதே கேளுங்க! இன்னையிலேர்ந்து மெசியானோட யாரும் பேசக்கூடாது!"

"எந்த மெசியான் அண்ணே?"ன்னு மாடியிலேர்ந்து ஒருத்தன்.

"நான்தான்."

"எப்பலேர்ந்து?"

"அஞ்சு முக்கும் முடிச்சப்புறம். இன்னும் ரெண்டு பாக்கி. கேட்கிறதை இப்பவே கேட்டுக்க."

அஞ்சாவது முக்கு முடிஞ்சுது. அவர் திரும்பி வர்றப்ப தெருவுல ஒரு ஆள் இல்லே, கதவெல்லாம் சாத்தியிருந்துச்சு. என் கதவும்தான், ஏன் பொய் சொல்லணும்?

அந்தப் பத்து நாளை நினைச்சா இப்பவும் எனக்கு வெட்கமா இருக்கு. எங்க மாடியிலேர்ந்து பார்த்தா அவங்க முற்றம் தெரியும். ஒரு கல்யாண விருந்துக்கு ரவையை மணிமணியா குஸ்குஸ் உருட்டணும்னா இருபது பொம்பளைங்க கூடி, பாட்டும் கிண்டலுமா மூணு நாள் உருட்டுவோம். அந்தப் புள்ளை தீசிரி தனியா பெரிய தட்டுல ரவையைப் போட்டுத் தண்ணி தெளிச்சு, தன் கல்யாணத்துக்குத் தானே உருட்டிக்கிட்டிருந்துச்சு. என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. "அத்தை"ன்னு கூப்பிட வாயெடுத்து, மென்னு முழுங்கிட்டுத் திரும்ப உருட்ட ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஊர் ஒதுக்கி வச்ச வீடுன்னு தெரிஞ்சா அப்படியே திரும்பிடுவாங்க. அதுக்கப்புறம் எந்த ஊர்லேர்ந்து அவளுக்கு ஆள் வரும்?

கடைசியில மெசியான் இறங்கி வந்தார். மகளுக்காகத்தான். வியாழக்கிழமை கல்யாணம், அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கிட்டு மன்னிப்பு கேட்கக் கூடத்துக்குப் போனார். போனா, ஹாஜும் என் வீட்டுக்காரரும் இன்னொரு கிழவரும்தான் உட்கார்ந்திருக்காங்க. போட்ட தீர்மானத்தை ரத்து பண்ணணும்னா எல்லா வகையறாவும் இருக்கணும். மத்தவங்க எங்கே? இந்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம்னு யாரும் கூவலையே, எப்படி வருவாங்க?

மெசியான் போய்க் கூப்பிட்டு வந்தா முடிஞ்சுது. ஆனா "போய்க் கூப்பிடு"ன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? பேசக்கூடாதே! ஹாஜ் தொண்டையைக் கனைச்சுக்கிட்டுக் கூடத்துத் தூணைப் பார்த்தார்.

"தூணே, யாராச்சும் போய் ஊரைக் கூட்டிட்டு வந்தா நல்லாருக்கும்."

மெசியானும் தூணைப் பார்த்தார். "தூணே, நான் கூவினா யாரும் காதுல வாங்கக் கூடாதுன்னு சபை சொல்லியிருக்கு. சொன்னவரே நாற்காலியில உட்கார்ந்திருக்கார், வேணும்னா அவரைக் கேளு."

"தூணே, திமிரைப் பார்த்தியா?"

"தூணே, திமிர் இருந்தா நான் எதுக்கு வர்றேன்? மன்னிப்பு கேட்க வந்திருக்கேன். கேட்டுக்க ஆள் இல்லே."

பள்ளிவாசல் மைக்குல சொல்லலாமேன்னார் என் வீட்டுக்காரர். வாழ்க்கையில ஒரு தடவை உருப்படியான யோசனை. ஹாஜ் தலையை ஆட்டினார். மைக் பாங்கு சொல்ல மட்டும்தான்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்காம், கமிட்டியை மீற அவருக்கு அதிகாரம் இல்லையாம். வேணும்னா கமிட்டிக்கு ஒரு கடுதாசி எழுதறேன்னார். அடுத்த கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. அதாவது கல்யாணத்துக்கு மறுநாள்.

அன்னைக்குச் சாயங்காலம் நான் மாடியில நிக்கிறப்ப அவங்க முற்றத்துலேர்ந்து மெசியான் பேசுறது கேட்டுச்சு. அவர் வீட்டுக் குரல் முதல் தடவையா எனக்குக் கேட்டுச்சு. "ஐத் யஹ்லத்துக்கு ஆள் அனுப்பி, வரவேண்டாம்னு சொல்லிடறேன்மா. வந்து வாசல்ல அவமானப்பட்டுத் திரும்புறதுக்கு..." அந்தப் புள்ளை உருட்டுறதை நிறுத்தலே. அழக்கூட இல்லே. அதுதான் எனக்குத் தாங்கலே.

மறுநாள் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன், "தீர்மானம் யாரைக் கட்டும்?"

"சபைப் பதிவேட்டுல பேர் இருக்கிறவங்களை."

"என் பேர் இருக்கா?"

"பொம்பளை பேர் எப்படி இருக்கும்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஊத்துப் பாதைக்கு விளக்கு போடுங்கன்னு நாங்க மனு கொடுத்தோமே, சபை என்ன சொல்லுச்சு?"

ரொட்டியை வாய்க்குக் கொண்டு போன கை நின்னுடுச்சு. "பெண்கள் சபைக்கு உட்பட்டவர்கள் இல்லை, அவங்க மனுவை எடுத்துக்க முடியாதுன்னு..."

"அதைத்தான் கேட்டேன். சாப்பிடுங்க."

மறுநாள் காலையில ஊத்தடியில குடம் நிரம்புற நேரத்துக்குள்ள விஷயம் ஊர் பூரா பரவிடுச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெசியான் முற்றத்துல முப்பத்தெட்டு பொம்பளைங்க. தீசிரி கையிலேர்ந்து தட்டைப் பிடுங்கி, "எந்திரிடி, கல்யாணப் பொண்ணு மாதிரி உட்காரு"ன்னு நான் அதட்டினதும் அது என் மடியில விழுந்து அழுதுச்சு பாருங்க, அம்மா செத்தன்னைக்குக்கூட அப்படி அழலே. மெசியான் வாசல்ல நின்னு எங்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரலே.

வியாழக்கிழமை ஐத் யஹ்லத்துக்காரங்க வந்தாங்க. ஊர் நிறைய குலவை, ஒரு ஆம்பிளை கிடையாது. வழக்கப்படி வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுடக்கூட ஆள் இல்லே. எங்க வீரர்கள் எல்லாரும் யாரும் கூவாமலே சபைக் கூடத்துல போய் உட்கார்ந்துட்டாங்க. வீட்டுல அடுப்பெரிக்க யாரும் இல்லாததால சாப்பாடும் கிடையாது. குஸ்குஸ் வாசனை மட்டும் காத்துல ஏறி ஏறிப் போய்க்கிட்டிருந்துச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா, நல்ல தாட்டியான மனுஷன், சுத்திச் சுத்திப் பார்த்துட்டு என்னைக் கேட்டார், "என்னம்மா, உங்க ஊர் ஆம்பிளைங்க எங்கே?"

"சபையில இருக்காங்கண்ணே."

"கல்யாணத்தன்னைக்கு என்ன சபை?"

"இந்தக் கல்யாணம் நடக்கலாமா வேண்டாமான்னு பேசிக்கிட்டிருக்காங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரிச்சார். "அப்ப அவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடறோம்!"

மெசியான் வெள்ளைக் கம்பளி அங்கியைப் போட்டுக்கிட்டு எங்க வழக்கப்படி வாசல்ல கையைத் தூக்கிப் பிடிச்சார். தீசிரி அந்தக் கைக்கு அடியில குனிஞ்சு வெளியே வந்துச்சு. தலை அழகா, நேரா பின்னியிருந்துச்சு. யார் பின்னினதுன்னு நாங்க யாரும் கேட்கலே.

ஹாஜ் கொதிச்சுப் போனார். அவரே வீடு வீடா கதவைத் தட்டி அவசரக் கூட்டம் கூட்டினார். பொம்பளைங்களுக்குத் தண்டனை கொடுத்தே ஆகணுமாம். கொடுக்கணும்னா முதல்ல பதிவேட்டுல பேர் ஏத்தணும்னு ஒருத்தர் எடுத்துச் சொன்னார். பேரை ஏத்தினா சபையில வந்து உட்காருவாளுங்களேன்னு இன்னொருத்தர். என் வீட்டுக்காரர் என்னை நினைச்சுப் பார்த்திருப்பார் போல, வேர்த்துப் போச்சாம். மூணு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டு ஒருமனதா ஒரு தீர்மானம் போட்டாங்க: போன வியாழக்கிழமை ஐத் ஸக்கூர்ல கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. நடக்காத கல்யாணத்துக்கு யாரும் போகவும் இல்லை. சபை உத்தரவை யாரும் மீறவும் இல்லை.

இதை ஊருக்குச் சொல்லணும். சொல்லணும்னா மெசியானைக் கூப்பிடணும். கூப்பிடணும்னா தடையை எடுக்கணும். எடுத்தாங்க. மன்னிப்பை அந்த அவசரத்துல எல்லாரும் மறந்தே போயிட்டாங்க.

இந்தத் தடவை மத்த நாலு முக்கும் முடிச்சுட்டுக் கடைசியாத்தான் எங்க முக்குக்கு வந்தார் மெசியான். தெருவே காத்துக்கிட்டிருந்துச்சு. கல்லு மேல ஏறி நின்னு, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, ஓடைக்கு அந்தப்பக்கம் ஐத் யஹ்லம் வரைக்கும் கேட்கிற மாதிரி கூவினார்:

"கேளுங்க ஊராரே, நல்லதே கேளுங்க! போன வியாழக்கிழமை என் மக தீசிரிக்குக் கல்யாணம் நடக்கலே! இது சபை தீர்மானம்!"

முதல் குலவை நான்தான் போட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு மாடியிலேர்ந்தும் எழும்புச்சு. கதவு ஒவ்வொண்ணா திறந்து ஆம்பிளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளியே வந்தாங்க. என் வீட்டுக்காரர் மெசியான் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லே.

"மாப்பிள்ளை நல்லபடியா வச்சுக்கிறாரா அண்ணே?"

"எந்த மாப்பிள்ளை?"ன்னு கேட்டார் மெசியான். கேட்டுட்டு, அங்கி நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.