வீட்டாரிடம் கேட்காமல் எழுதாத சாவுச் செய்தி

அந்த மாலைப் பத்திரிகை ஆபீசுக்குச் செய்தி எழுதும் மென்பொருள் வந்ததும் பாதிப்பேர் வேறு வேலை தேட ஆரம்பித்தார்கள். மீதிப்பேர் அதை எழுதச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நிருபர் அன்புசெல்வி இரண்டும் செய்யவில்லை. மின்தடை, நகராட்சிக் கூட்டம், உழவர்கரைச் சாக்கடை எல்லாவற்றையும் தாராளமாக அதன் தலையில் கட்டினாள். சாவுச் செய்தியை மட்டும் தொட விடவில்லை.

காலாப்பட்டு மீனவர் வீட்டுப் பெண் அவள். சின்ன வயதில், கடலுக்குப் போன அப்பா செத்துவிட்டதாக ஒரு பத்திரிகை போட்டது. அதை நம்பி அம்மா தாலியைக் கழற்றினாள். அப்பாவோ காரைக்கால் படகு ஒன்றில் உயிரோடு வந்து இறங்கினார். அம்மா கடைசிவரை அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டாரிடம் கேட்காமல் யார் சாவையும் எழுதுவதில்லை என்று அன்புசெல்வி பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

போன மாதம் காலாப்பட்டில் ஒரு படகு கவிழ்ந்தது. உத்திராபதி என்பவரைக் காணவில்லை என்று போலீசிடமிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. மென்பொருள் கண்மூடித் திறப்பதற்குள் ‘மீனவர் பலி, சோகத்தில் கிராமம்’ என்று எழுதிவிட்டது. சோகத்தை அது எந்தக் கரையில் போய்ப் பார்த்ததோ!

“எல்லாரும் போட்டுட்டாங்க அன்பு, அனுப்பிடு,” என்றார் ஆசிரியர் ஜோசப் ஆனந்த்.

“காணலைன்னுதான் சார் போடுவேன். அவ்ளோதான் நமக்குத் தெரியும்.”

“அத எவன் படிப்பான்?”

“அவர் பொண்டாட்டி படிப்பாங்க சார்.”

அன்புசெல்வி தலைப்பை மாற்றி அனுப்பிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனாள்.

கரையில் உத்திராபதியின் மனைவி தனம் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் ஒப்பாரிக்குத் தயாராக இருந்தார்கள்.

“செத்துட்டாருன்னு போன்ல வருதேக்கா. நீயும் போட்டுட்டியா?”

“போடல தனம். நீ சொல்லாம போடமாட்டேன்.”

தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப யாரும் அழாதீங்க,” என்று பெண்களை அதட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் உடலைக் கொண்டுவந்தார்கள். தனம் அவர் மேல் விழுந்து கதறினாள். அன்புசெல்வி போனைத் தொடவே இல்லை. அவளுக்கும் அழுகை அடங்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தனம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைத் தேடினாள்.

“இப்ப போட்டுக்கக்கா.”