களிம்பு ஏறாத காசுகள்

மைசூரில் ஆனி மாதத்து மழை கொட்டித் தீர்க்காது. நசநசவென்று நாள் முழுக்கப் பெய்துகொண்டிருக்கும். தொண்ணூறுகளில் நான் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தபோது குடியிருந்த வாடகை வீட்டில், அந்த நாட்களில் சுவரெல்லாம் ஓதம் ஏறி நிற்கும். எனக்கு என் காசுகளைப் பற்றித்தான் கவலை. பழைய பாத்திரக் கடைகளில் குடைந்து குடைந்து பதினைந்து வருடமாகச் சேர்த்த செப்புக் காசுகள், யானை பொறித்தவை. ஈரம் பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறி யானையைத் தின்றுவிடும்.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்று பட்டறையில் யாரோ சொன்னார்கள். இரண்டு கை கல்லுப்பைத் துணியில் முடிந்து, காசு இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். "இதைத் தொட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று மனைவியை எச்சரித்தும் வைத்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல். இரண்டு நாள் கழித்து, அவள் தங்கை கல்யாணத்துக்காகக் கௌதள்ளியில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனோம்.

கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமியார் உப்புச் சாடியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் உப்பு நீர்த்துப்போவது எந்த வீட்டில்தான் இல்லை? அதைப் பார்த்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. உப்பு இழுத்த ஈரம் எங்கே போகும்? உப்புத் தண்ணீராகி என் காசுகளின் மேல்தான் வடியும். சும்மா விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்குக்கூட நிற்காமல், அவசர வேலை என்று பொய் சொல்லி அவளையும் கிளப்பினேன். வீட்டைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டின்னைத் திறந்தேன். உப்பு முடிச்சைக் காணோம். காசுகள் காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு யானைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

அவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"உப்ப நாந்தானுங்க எடுத்தேன். கெளம்பற அன்னிக்குச் சாடியில ஒரு கல்லு உப்பில்லீங்க. கடையும் தொறக்கல. வெறுஞ்சாடிய வெச்சுட்டு ஊட்டப் பூட்டலாமுங்களா? லச்சுமி போயிருவாங்க. காசுல கையே வெக்கலீங்க."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"வைவீங்கன்னுதான் சொல்லலீங்க. கல்யாணத்துலகூட எனக்கு அதே நெனப்புங்க."

சொந்தத் தங்கை கல்யாணத்தில் அவள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சிரிக்காதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அலைச்சல் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. காசுகளை அப்படியே தரையில் போட்டுவிட்டு எழுந்து போய், "நல்லவேளை, நீ எடுத்தே" என்றேன்.

நான் வையப்போவதில்லை என்று அவள் நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.