பின்பெட்டியில் போன இருவர்

நூரெம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் மார்லீஸ் முப்பது வருடத்துக்கு மேல் சர்க்கரைப் பாதாம் வறுத்து விற்றார். அட்வெந்து தொடங்கினால், கிறிஸ்துமஸ் வரைக்குமான அந்த நாலு வாரமும், காலை முதல் இரவு வரை, அந்த மரக் கடைக்குள்தான் இருப்பு. கணவர் ஆல்வின் மூட்டை தூக்குவார், மார்லீஸ் செப்புச் சட்டியைக் கிளறுவார். ஆல்வின் இறந்த பிறகும் சில வருடம் தனியாகவே நடத்தினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது கடையை வேறொருவருக்கு விட்டார்.

அதற்கு அடுத்த டிசம்பரில் மகள் சில்கே ஒரு ரயில் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். ரேகன்ஸ்பூர்க், பாசாவ், சால்ஸ்பூர்க் என்று மூன்று ஊர்ச் சந்தைகள். அம்மா ஒரு தடவையாவது கடைக்கு வெளியே நின்று சந்தையைப் பார்க்கட்டும் என்று அவளுக்கு ஆசை. துணைக்கு அத்தை கூட்ரூனையும் சேர்த்துவிட்டாள். ஆல்வினின் தங்கையான கூட்ரூனுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. சில்கே சிறுமியாக இருந்த காலத்தில், ஒவ்வொரு அட்வெந்துக்கும் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

நான் மார்லீஸ் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். ஊருக்குப் போகும்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்தவர், படியிறங்கும்போது, "கூட்ரூனோட நாலு நாள். திரும்பி வந்தா அதுவே பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேகன்ஸ்பூர்க்கிலேயே உரசல் ஆரம்பமாகிவிட்டது. மார்லீஸால் சந்தையை வேடிக்கை பார்க்க முடியவில்லை. எந்தக் கடையில் வரிசை தேங்குகிறது, எந்தக் கடைக்காரருக்குக் கால் வலிக்கிறது என்றே கண் போனதாம். கூட்ரூன் வாங்கிய பாதாமில் ஒன்றை வாயில் போட்டு, கடைக்காரன் தீயைக் குறைக்க மறந்துவிட்டான் என்று சொல்ல, கூட்ரூன் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை பாசாவுக்கு ரயில் ஏறினார்கள். வெளியே பனி மூடிய வயல்கள். மனநிலையைச் சரிசெய்யலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கூட்ரூன் சில்கேயின் சின்ன வயதுக் கதையைத் தொடங்கினார். தேவாலயத்தில் குடில் நாடகம். சில்கே இடையன் வேஷம். நடுவில் ஒட்டுத்தாடி கழன்றுவிட்டது. பிள்ளை அதை ஒரு கையால் மோவாயில் பிடித்துக்கொண்டே கடைசி வரை வசனம் பேசி முடித்தது. கூட்ரூன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மார்லீஸ் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் நீ பார்த்துட்ட. நான் பார்க்கலங்கிறத இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்காட்டுவ?"

"சொல்லிக்காட்டலையே. கதைதானே சொன்னேன்."

"கேட்டேனா உன்கிட்ட?"

அதற்குமேல் பேச்சு தடித்தது. ஒரு சந்திப்பில் ரயில் நின்றது. அங்கே ரயில் இரண்டாகப் பிரியும், முன்பெட்டிகள் பாசாவுக்கு, பின்பெட்டிகள் வேறு பாதையில் மலைக்காட்டுப் பக்கம் என்று அறிவித்திருக்கிறார்கள். இருவர் காதிலும் விழவில்லை. அவர்கள் இருந்தது பின்பெட்டியில். சன்னலுக்கு வெளியே ஊசியிலை மரங்கள் நெருங்கி வந்தபோதுதான் மார்லீஸுக்குச் சந்தேகம் தட்டியது. பாதை முடிகிற சின்ன ஊரில் இறங்கினார்கள். திரும்பிப் போக அடுத்த ரயில் மத்தியானம்தான்.

அந்த ஊரிலும் ஒரு சந்தை இருந்தது. தீயணைப்பு நிலைய வாசலில் நாலே கடைகள். ஊர்க்காரர்களே வீட்டில் செய்த ஜாம், பின்னிய காலுறை, தேன் என்று வைத்திருந்தார்கள். கூட்டமே இல்லை. ஒரு பெண்மணி பெரிய பாத்திரத்திலிருந்து சூடான மசாலா ஒயினை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். ரயிலில் சண்டை போட்டுக்கொண்டே வந்துவிட்டோம் என்று மார்லீஸ் சொன்னார். அந்தப் பெண்மணி, இந்த ஊருக்கு யாரும் வேண்டுமென்று வருவதில்லை என்றார். கூட்ரூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உயர மேசையில் கோப்பைகளை வைத்துக்கொண்டு இருவரும் நின்றபடியே குடித்தார்கள். பிறகு கூட்ரூன், மார்லீஸ் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"சில்கே தினமும் கேட்பா, அம்மாகிட்ட போகலாம்னு. ட்ராம்ல ஏறினா கால் மணி நேரம். நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கு வேலை இருக்கும்மான்னு சொல்லிடுவேன்."

"ஏன்?"

"வந்தா உன் இடுப்பைக் கட்டிக்கிட்டு விடமாட்டா. திரும்பி வர்றப்போ வழியெல்லாம் அழுவா. அந்த நாலு வாரம்தான் மார்லீஸ், எனக்கும் ஒரு பிள்ளை இருந்துச்சு. அதுலயும் பங்கு கொடுக்க மனசு வரல."

மார்லீஸ் கோப்பையை எடுத்துக்கொண்டு தேன் கடைப் பக்கம் போய்விட்டார். அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்று பின்னால் நான் கேட்டேன். பிள்ளை தன்னைத் தேடவே இல்லை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை வரும்போதுகூட, அத்தை கையை விட்டு வரத் தயங்குகிற மாதிரி அவருக்குத் தோன்றுமாம். தேடியிருக்கிறாள், தினமும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது, கூட்ரூனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று புரியவில்லையாம். "ரெண்டும் செய்யல. குளிர் வேற" என்றார்.

திரும்பி வந்து மேசையருகே நின்று அவர் கேட்டது இதுதான்: "நாடகத்துக்கு அந்தத் தாடியை யார் செஞ்சது?"

பழைய மெத்தையிலிருந்து பஞ்சு பிய்த்துத் தானே செய்ததாகக் கூட்ரூன் சொன்னார். பிறகு என்ன என்று மார்லீஸ் கேட்டார். கூட்ரூன் சொல்லிக்கொண்டே போனார். பிஸ்கட் மாவைத் திருடித் தின்று வயிற்றுவலி வந்தது, ஏரி உறைந்ததும் சறுக்கப் போய் முன்பல் உடைந்தது. அந்தப் பல் எப்படி உடைந்தது என்று மார்லீஸுக்கு அதுவரை வேறு கதைதான் தெரியும். மத்தியான ரயில் வந்தது, போனது. இருவரும் போகவில்லை. அடுத்ததில்தான் ஏறினார்கள். பாசாவில் இறங்கியபோது விளக்கேற்றியிருந்தார்கள்.

சால்ஸ்பூர்க்கையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். சாவி வாங்க வந்தவரிடம், கூட்ரூன் மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன்.

"தீரல. சில நாள் காலைல எழுந்ததும் அதுதான் ஞாபகம் வருது. உடனே போன் போட்டுத் திட்டிடறேன். அவளும் கேட்டுக்கறா. அப்புறம் சில்கே கதை ஒண்ணு சொல்றா."

வரும் டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் சந்தைக்குப் போவதாக இருக்கிறார்கள். இந்தத் தடவை சில்கேயும் உடன் வருகிறாள்.